பேச்சிக்கனி அழுதால் தண்ணீர் வரும்

பேச்சிக்கனி டிவியில் முதல்முறையாக அழுத சனிக்கிழமை சாயங்காலம், வெள்ளூரணிப்பட்டியில் தெருக்குழாய், வீட்டுக்குழாய், பள்ளிக்கூடத்துக் குழாய், மந்திரி வந்து திறந்து வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து ஒரு சொட்டுகூட விட்டறியாத பஸ் ஸ்டாண்டுக் குழாய் என்று ஒன்று பாக்கியில்லாமல் எல்லாக் குழாயிலும் தண்ணீர் கொட்டியது. அது பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வருகிற ஊர். வருகிற அன்றைக்கும் முதலில் காற்று வந்து, பிறகு சத்தம் வந்து, பிறகு துரு வந்து, கடைசியில்தான் மனசில்லாமல் தண்ணீர் வரும். பெண் கேட்டு வருகிறவர்களிடம் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் வீட்டிலிருந்து குழாயடி எவ்வளவு தூரம் என்று கேட்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் கேட்காமல் கொள்ளாமல் தெள்ளத்தெளிவாகத் தண்ணீர் வந்தால் எவனாவது டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? பாட்டையும் பேச்சிக்கனியையும் அப்படியே போட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தண்ணீர் வந்ததைவிட அவள் அழுததுதான் ஆச்சரியம். பேச்சிக்கனியைத் துக்க வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். ஒப்பாரி வைக்கிறவள் மூச்சு வாங்குவதற்கு நிறுத்தினாலும் இவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்பா பரமார்த்தலிங்கம் கல்யாணம், சடங்கு, கோயில் கொடைக்கெல்லாம் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அவர் மைக்கைச் சரிபார்க்க ‘ஹலோ ஹலோ’ சொல்லச் சொன்னால், இவள் அதையே ராகம் போட்டு, மாப்பிள்ளை வீட்டாரின் மூக்கையும் முழியையும் இழுத்து வைத்துக் கேலிப் பாட்டாகக் கட்டிவிடுவாள். நலங்கு வைக்கும்போது பாடுகிற கேலிப் பாட்டுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கேலிக்கு ஆளான மாப்பிள்ளையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். ஊர் சிரித்தது போதாது, நாடே கேட்டுச் சிரிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அந்த ஆசையில்தான் குதூகலம் டிவியின் ‘குரல் மகுடம்’ போட்டிக்குப் போனாள்.

குரலைக் கேட்டதும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவளை ஒரு ஏ.சி. அறைக்கு அனுப்பினார்கள். அங்கே நிர்மல்ராஜ் என்பவர் இருந்தார். போட்டியாளர்களின் கஷ்டங்களைக் கேட்டு, பொறுக்கி, வயலின் வைத்துப் படமாக்குவது அவருடைய வேலை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பார்களே, அந்த அழுகையை மாதச் சம்பளத்துக்கு அழுகிறவர்.

“சொல்லுங்கம்மா, வீட்டுல யாராவது இறந்திருக்காங்களா?”

“எங்க ஆடு செத்துச்சு சார்.”

“அடடா. ரொம்பப் பாசமா வளர்த்தீங்களா? அப்புறம் என்ன ஆச்சு?”

“கொழம்பு வச்சிட்டோம் சார்.”

நிர்மல்ராஜ் நெற்றியைத் தடவினார். “கடன்? வியாதி? காதல் தோல்வி? வீடாவது ஒழுகுமா?”

“மாடி வச்ச மெத்தை வீடு சார். அத்தை மகன் கோமதிநாயகத்துக்கு என்னைய நிச்சயம் பண்ணியிருக்கு. செல்போன் கடை வச்சிருக்காவ. எங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காவ சார்.”

“இப்படிச் சொன்னா எவன்மா ஓட்டுப் போடுவான்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன், ஊருக்கு.”

ஆள் வந்தது. பேச்சிக்கனியின் மெத்தை வீட்டைக் காமிராக்காரர்கள் ஒருதரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி, பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டிலை அவளுடைய வீடாக்கினார்கள். அம்மா வேலம்மாளுக்குக் கிழிந்த சேலை ஒன்றைக் கொடுத்தார்கள். அதைத் துவைத்துக்கூட வைக்கவில்லை. மூட்டுவலியில் தரையிலே உட்கார முடியாத மனுஷியை மூன்று கல் அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து, ஈர விறகை ஊதச் சொல்லி, புகை சரியாக வரவில்லை, கண் சரியாகச் சிவக்கவில்லை என்று திரும்பத் திரும்ப ஊதச் சொன்னார்கள். மகள் டிவியில் வர வேண்டுமே என்று அவளும் ஊதினாள். பரமார்த்தலிங்கத்தை மட்டும் செத்துப்போனவராக இருந்துகொள்ளச் சொன்னதற்கு, “செத்தவன்கிட்ட எவன்யா மைக் செட் எடுப்பான்?” என்று ஒரே பிடியாக நின்றுவிட்டதால், பேசிப் பேசி, அவர் காணாமல் போனவர் என்று முடிவாயிற்று.

இதெல்லாம் மேடையில் பெரிய திரையில் ஓடியபோதுதான், போட்டிக்காகப் பட்டணத்திலேயே தங்கிவிட்ட பேச்சிக்கனி முதன்முதலாகப் பார்த்தாள். ஆட்டுக்கொட்டிலைப் பார்த்ததும் வழக்கம்போல் அவளுக்குச் சிரிப்புத்தான் முட்டியது. அப்புறம் அம்மா, புகையில் இருமிக்கொண்டே, காமிராவைத் தாண்டி யாரிடமோ, “இப்ப சரியா இருக்காய்யா?” என்று பயந்து பயந்து கேட்பதுபோல் வாயசைத்தாள். பேச்சிக்கனிக்கு அந்த உதட்டசைவு புரிந்துவிட்டது. அவளுக்கு நெஞ்சு கொதித்தது, அவமானமாக இருந்தது, அம்மாவை இப்படி உட்காரவைத்துவிட்டோமே என்று அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அந்த அழுகைக்குத்தான் வெள்ளூரணிப்பட்டியில் தண்ணீர் வந்தது.

முதல் வாரம், தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் குடித்துவிட்டு வால்வைத் திருப்பிவிட்டான் என்றார்கள். இரண்டாம் வாரம் அவன் குடிக்காமல் சத்தியம் செய்தான். மூன்றாம் வாரம் அவள் அழ ஆரம்பித்தபோது தண்ணீர் வந்து, விளம்பரம் போட்டபோது நின்று, விளம்பரம் முடிந்து அவள் மூக்கைச் சிந்தியபோது மறுபடி வந்ததும், ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. மழை பெய்தால் மொட்டைமாடியில் காயப்போட்ட வற்றலை எடுக்கிற மாதிரி, சனிக்கிழமையானால் குடத்தைக் கழுவி வைத்தார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் பெரிய திரை கட்டி, குழாயடியில் நிற்கிறவர்களுக்கும் அழுகை கேட்க வேண்டுமே என்று, காணாமல் போன பரமார்த்தலிங்கமே வந்து நாலு மூலைக்கும் ஸ்பீக்கர் கட்டினார். திரையில் அவர் காணாமல் போன கதை ஓடும்போது, கீழே அவர் ஒயர் சுற்றிக்கொண்டிருப்பார்.

அழுகைக்கு அழுகை தண்ணீரும் மாறியது. அம்மாவை நினைத்து அழுதால் தெளிந்த தண்ணீர். கோபத்தில் அழுதால் வெந்நீர், அன்றைக்குக் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டிவிடுவார்கள். கண்ணில் கிளிசரின் போட்டு அழவைத்த வாரம் குழாய்கள் எல்லாம் இருமிவிட்டுச் சும்மா இருந்தன. எப்போதுமே லேசாக உப்புக் கரிக்கும். உலையில் உப்புப் போட வேண்டியதில்லை என்று பெண்கள் அதையும் லாபத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் அவளை நம்பிக் கத்தரி நட்டார். இன்னொருவர் ஷவர் வைத்துக் குளியலறை கட்டினார். ஊரே ஓயாமல் ஓட்டுப் போட்டது. இத்தனையும் நடக்கும்போது குடிநீர் ஆபீஸ்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? “உங்களுக்குத்தான் பேச்சிக்கனி இருக்காளே” என்று சொல்லி, ஊருக்கு வந்துகொண்டிருந்த குழாயை அடைத்து, தண்ணீரை ஏதோ ஒரு சோடா கம்பெனிக்குத் திருப்பிவிட்டார்கள். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

பஞ்சாயத்துத் தலைவர் கொம்பையா வாரம் தவறாமல் அவளுக்குப் போன் பண்ணுவார். அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“தாயி, நல்லாருக்கியா? சந்தோசமா இருக்கியா?”

“இருக்கேன் மாமா.”

“அப்படியெல்லாம் இருந்திராதம்மா. ஊர் உன்னைய நம்பித்தான் இருக்கு. அம்மாவை நினைச்சுக்கோ. ஆறு வயசுல உன்னைய நாய் கடிச்சுதே, அதை நினைச்சுக்கோ.”

அந்த நாய்க்கடியை அவரே நிர்மல்ராஜுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் நாயும் மேடைக்கு வந்தது. அது வேறு நாய், கடிக்கவும் இல்லை, அவள் கையை நக்கியது. தண்ணீர் விஷயம் தெரிந்தும் நிர்மல்ராஜ் ஆச்சரியப்படவில்லை. “எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு வரும்மா. போன வருசம் ஒருத்தர் அழுதா சோப்பு விளம்பரமா வந்து குவிஞ்சுது” என்றார்.

ஒவ்வொரு வாரமும் பேச்சிக்கனி அவரிடம் போய் நிற்பாள். “சார், இந்த வாரமாச்சும் ஒரு கேலிப் பாட்டு பாடிக்கிடட்டுமா?”

“சிரிக்கிறவளுக்கு எவனும் ஓட்டுப் போட மாட்டான்மா.”

இந்தப் பக்கம் கம்பெனி அழு என்றது, அந்தப் பக்கம் ஊர் அழு என்றது. ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள், அவளும் ஒத்து அழுதாள். அப்படியே வாரங்கள் போக, ஒருநாள் மேக்கப் போடுகிற அக்கா, தன் வீட்டுக்காரர் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று தெருவெல்லாம் பூனையைத் துரத்திய கதையைச் சொன்னாள். அறையில் இருந்தவர்கள் எல்லாம் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பேச்சிக்கனி வாயைத் திறந்தாள், சிரிப்பு வரவில்லை. மறுபடியும் முயன்று பார்த்தாள், விக்கல் மாதிரி ஒன்றுதான் வந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், சிரிப்பு போனால் எந்தக் கடையில் போய்க் கேட்பது?

இறுதிப் போட்டி வந்தது. அவளை எதிர்த்து நின்ற இன்னொரு போட்டியாளர், மின்னல் தாக்கியும் பாடுகிறவர் என்று பெயர் வாங்கியவர், அவரை எத்தனை முறை மின்னல் தாக்கியது என்பது வாரா வாரம் கூடிக்கொண்டே போனது. அவரை மிஞ்ச வேண்டுமென்றால் சாதாரண அழுகை போதாது என்று நிர்மல்ராஜ் யோசித்தார். ஊரில் அடுத்த வாரம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்து இறங்கும், சாதாரணத் தண்ணீர் போதாது என்று கொம்பையாவும் யோசித்தார். இரண்டு பேரும் போனில் பேசி, கோமதிநாயகத்தைப் பிடித்தார்கள். மேடையில் ஏறி, நிச்சயத்தை முறித்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், பிறகு சேர்த்துவைத்துவிடலாம் என்றார்கள். கோமதிநாயகம் மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டான். “ஊரு குடிக்க வேண்டாமாடா?” என்று கேட்டார்கள். அவன் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினான்.

வெள்ளை விளக்குக்குக் கீழே, வாடகைக் கோட்டு போட்டுக்கொண்டு அத்தான் நடந்து வருவதைப் பார்த்ததும் பேச்சிக்கனிக்கு உயிர் வந்தது. எத்தனை வாரமாயிற்று நம் மனுஷரைப் பார்த்து! அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு, செய்தி வாசிக்கிற மாதிரிச் சொன்னான்.

“பேச்சிக்கனி. நான் உன்னைக் கைவிடுகிறேன்.”

ஊர் கேட்டது, கம்பெனி கேட்டது, சரி. அத்தானுமா? கண் நிறைந்து தளும்பியது. வெள்ளூரணிப்பட்டியில் குழாய்கள் ஒரே சமயத்தில் உறுமின, பைப் அதிர்ந்தது, இதுவரை வராத தண்ணீர் வரப்போகிறது என்று ஜனங்கள் அண்டாவையெல்லாம் உருட்டிக்கொண்டு வந்தார்கள். மேடையில் வயலின் உச்சத்துக்குப் போனது. கோமதிநாயகம் மறுபடி உள்ளங்கையைப் பார்த்தான். வியர்வையில் எழுத்தெல்லாம் கரைந்து மை வழிந்துகொண்டிருந்தது. அவன் நிர்மல்ராஜ் நின்றிருந்த பக்கம் திரும்பினான்.

“சார், கைவிடுகிறேன், அதுக்கு அடுத்தாப்ல என்ன சார்?”

அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டே அவளிடம், தனியாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “கனி, கோவிச்சுக்கிடாத. கோட்டு வேற இறுக்குது. ஊருக்குத் தண்ணி வேணுமாம், நீ கொஞ்சம் அழுதிரு, நாம வீட்டுக்குப் போயிருவோம்” என்றான். சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்தான், மை அப்படியே நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டது.

பேச்சிக்கனிக்கு எங்கேயோ தொப்புளுக்குப் பக்கத்தில் ஒன்று புரண்டது. அது மேலே ஏறி, நெஞ்சில் இடித்து, தொண்டையில் சிக்கி, பிறகு வெளியே வந்தது. கெக்கெக்கே என்று, கொட்டகையே அதிர, மேடையில் உட்கார்ந்து தரையைத் தட்டித் தட்டி அவள் சிரித்தாள்.

வெள்ளூரணிப்பட்டியில் தண்ணீர் நின்றது. நின்றதோடு விட்டதா என்றால், இல்லை, திரும்பிப் போக ஆரம்பித்தது. குடத்திலிருந்து எழும்பி, அண்டாவிலிருந்து எழும்பி, அவளால் வந்த தண்ணீரெல்லாம் வரிசையாகக் குழாய்க்குள் ஏறிப் போனது. டீக்கடையில் கிளாஸிலிருந்த டீ, தூளும் சீனியுமாய் அடியில் தங்கியது. ரசம் மிளகுப் பொடியாயிற்று. ஷவர் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தவர் உடம்பெல்லாம் சோப்போடு தெருவுக்கு ஓடிவந்தார். ஊரே வேலம்மாளைச் சூழ்ந்துகொண்டது. “ஏட்டி வேலம்மா, மகளுக்குப் போனைப் போடு! நெஞ்சு வலிக்குன்னு சொல்லு! அழச் சொல்லு!” கொம்பையாவே நம்பரைப் போட்டு அவள் கையில் திணித்தார்.

அவளுடைய போனை வாங்கி வைத்திருந்த நிர்மல்ராஜுக்கு, மேடையோரத்தில் அது அடித்ததும், போன உயிர் திரும்பி வந்தது. தாயின் குரல் கேட்டு அழாதவள் உண்டா? போனை ஸ்பீக்கரில் போட்டு, வயலினைத் தயாராக வைத்தார். வேலம்மாளின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

“ஏ கனி.”

“அம்மா...”

“இங்க தண்ணியெல்லாம் திரும்பிப் போகுதுட்டி.”

பேச்சிக்கனிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. மறுமுனையில் ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது. குழாயடியில் போன தண்ணீர் அந்தரத்தில் நின்றது.

“போனா போவுது” என்றாள் வேலம்மாள். “உன் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு. அடக்காத தாயி. வயிறு வலிக்கச் சிரி.”

அதன் பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. எழுந்து, அத்தான் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, அவனைச் சுற்றி வந்துகொண்டே, அங்கேயே கட்டி அங்கேயே பாடினாள்.

“கைக்குள்ள எழுதி வந்த மாப்பிள்ளை,
கைவிடத் தெரியலியே மாப்பிள்ளை!
வேர்வையில அழிஞ்சதென்ன மாப்பிள்ளை?
வேற சொல்லு கிடைக்கலியா மாப்பிள்ளை?”

கோமதிநாயகம் முதலில் சிரித்தான், பிறகு வயலின்காரர் சிரித்தார், பிறகு மின்னல் தாக்கியவர் விழுந்து விழுந்து சிரித்தார். மகுடம் அவருக்குத்தான் போனது. பேச்சிக்கனிக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிரஷர் குக்கர் கொடுத்து, மறுநாள் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

ஊர் பஸ் ஸ்டாண்டில் அவளுக்காகக் காலிக்குடங்கள்தான் நின்றன. குடத்துக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொம்பையா மட்டும், “ஊரைக் காய விட்டுட்டியே தாயி” என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் பாவம். பேச்சிக்கனிக்கும் வருத்தம்தான், ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

“மாமா, நான் அழுறதுக்கு முன்னால ஒரு தண்ணி வருமே. துருவோட வந்தாலும் வருமே. அது எங்க?”

அப்படி ஒரு தண்ணீர் இருந்ததையே கூட்டம் மறந்திருந்தது. கத்தரி நட்டவர்தான் மெதுவாக, “சோடாவுக்குப் போவுது” என்றார்.

“அப்ப எதுக்கு எல்லாரும் இங்க நிக்கிய? ரோட்டுக்கு வாங்க.”

தண்ணீர் வராவிட்டால் காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார எந்தத் தமிழ் ஊருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பேச்சிக்கனி டிவியில் அழ ஆரம்பித்ததிலிருந்து வெள்ளூரணிப்பட்டி அதை விட்டிருந்தது, அவ்வளவுதான். பைபாஸ் ரோட்டில் குடத்தைக் குறுக்கே அடுக்கி, இரண்டு பக்கமும் லாரியும் பஸ்ஸும் கண்ணுக்கெட்டின மட்டும் நிற்க, பெண்கள் குடத்தைத் தட்டினார்கள், பேச்சிக்கனி குடிநீர் ஆபீஸ் அதிகாரியின் மூக்கையும் முழியையும் வைத்துப் பாட்டுக் கட்டினாள், பரமார்த்தலிங்கம் ஸ்பீக்கர் கொண்டுவந்து வைத்தார், பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்கள்கூட இறங்கி வந்து கை தட்டினார்கள். சோகம் கிடைக்குமா என்று காமிராவோடு வந்த நிர்மல்ராஜைப் பிடித்து, ஒரு குடத்தைக் கையில் கொடுத்து, வெயிலில் உட்காரவைத்தார்கள். அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். தன்னைப் பற்றிய பாட்டைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். முகம் சிறுத்துப்போனது.

“என்னம்மா இது அநியாயம்? நீ அழுதா உங்க ஊருக்குத் தண்ணி வரும்னு நாட்டுக்கே தெரியும். கொஞ்சம் அழுதுட்டுப் போனா என்ன?”

“நான் அழுதாச்சு சார்” என்றாள் பேச்சிக்கனி, மைக்கை அவரிடம் நீட்டியபடி. “இப்ப நீங்க அழுங்க. வருதான்னு பார்ப்போம்.”

சிரிப்புச் சத்தம் பைபாஸின் இரண்டு முனைக்கும் போய்த் திரும்பியது. அதிகாரி மைக்கை வாங்கவில்லை, போனை எடுத்தார், ஒதுங்கி நின்று யாரிடமோ பேசினார், அப்புறம் இன்னும் யாரிடமோ கெஞ்சினார். வெயில் தாழ்கிற நேரத்துக்கு ஊர்க் குழாய்களில் முதலில் காற்று வந்தது, பிறகு சத்தம் வந்தது, பிறகு துரு வந்தது, கடைசியில் கலங்கலாக, குளோரின் நாற்றத்தோடு, மனசில்லாமல் தண்ணீர் வந்தது. வேலம்மாள் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரிக்கவில்லை. முதல் குடத்தை வீட்டுக்குக்கூட எடுத்துப் போகாமல், அத்தனை பேர் பார்க்க, சிரித்துக்கொண்டே தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.